டெல்டா சர்வே வரைபடத்தில் விக்கிள் கோடு சரியாக வரவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழி

தடம் நெடுகப் பதிவு செய்த காந்தப்புல அளவுகளை வரைபடத்தில் விக்கிள் கோடாக, அதாவது மதிப்பு ஏறி இறங்குவதற்கு ஏற்பத் தடத்தின் பக்கவாட்டில் அலைபோல எழும் கோடாக, போடுகிறவர்களுக்கு இது. முதுகலை மாணவர்கள், நிலத்தடி நீர் பார்க்கிற கன்சல்டன்ட்கள், நாகப்பட்டினத்துக்கும் கோடியக்கரைக்கும் நடுவே படகில் சென்சாரை இழுத்துக்கொண்டு போனவர்கள் என்று யார் கோப்பைக் கொண்டுவந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "கருவி கெட்டுப்போச்சா சார்?" பெரும்பாலும் கருவி நன்றாகவே இருக்கும். கோப்பிலோ, கட்டளையிலோ, கடிகாரத்திலோதான் கோளாறு. அதனால் காசு செலவில்லாத சோதனை முதலில், மறுபடி வயலில் இறங்குவது அப்புறம், ஆளைக் கூப்பிடுவது கடைசியில்.

இன்னொன்றும் கணக்கில் இருக்கட்டும். வழக்கப்படி ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் வரப்பு தாண்டி நேர்கோட்டில் நடக்க முடியாது. உளுந்து அறுத்த பிறகு குறுவை நடவு வரைக்கும் உள்ள நாட்கள்தான் கிடைக்கும். எந்தத் தடத்தை மறுபடி எடுக்க வேண்டும் என்பதை அதற்குள் முடிவு செய்தாக வேண்டும். ஆகவே வரைந்து பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். அன்றன்று மாலையே போட்டுப் பாருங்கள்.

கட்டளைகள் ஜிஎம்டி 6 என்ற வரைபட மென்பொருளுக்கு உரியவை. கட்டளையோடு சேர்க்கும் விருப்ப (ஆப்ஷன்) எழுத்துகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். 'இசட்' என்றால் கழித்தல் குறியோடு வரும் பெரிய எழுத்து. சின்ன எழுத்து வேண்டிய இடத்தில் 'சின்ன' என்றே சொல்லியிருக்கிறேன்.

அறிகுறி: வரைபடத்தில் தடமே இல்லை

முதலில் இன்ஃபோ கட்டளையைக் கோப்பின் மேல் ஓட்டுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் (நெடுவரிசையிலும்) உள்ள சிறிய, பெரிய மதிப்புகளைச் சொல்லிவிடும். டெல்டா என்றால் முதல் கட்டம் ஏறத்தாழ 78.7-க்கும் 79.9-க்கும் நடுவில், இரண்டாவது 10.2-க்கும் 11.4-க்கும் நடுவில் இருக்க வேண்டும்.

*இரண்டும் இடம் மாறியிருந்தால்:* ஜிபிஎஸ் கோப்புகள் அட்சரேகையை முதலில் எழுதும், ஜிஎம்டி தீர்க்கரேகையை முதலில் கேட்கும். அப்படியே கொடுத்தால் தரங்கம்பாடி கடற்கரை ஆர்க்டிக்கில் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவின் வடமேற்கு முனையில் போய் நிற்கும். இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008-லிருந்து இருப்பதும் அந்தத் தீவில்தான். டெல்டாக்காரர்களுக்கு மட்டுமே வாய்த்த வேடிக்கை இது. முக்காற்புள்ளி விருப்பத்தைச் சேர்த்தால் தீர்ந்தது.

*ஆறு, ஏழு இலக்க எண்கள் இருந்தால்:* அது யுடிஎம் மீட்டர் கணக்கு, அதாவது பூமியை மண்டலங்களாகப் பிரித்து இடத்தை டிகிரிக்குப் பதில் மீட்டரில் சொல்லும் முறை. தஞ்சாவூரில் கிழக்கு மதிப்பு மூன்று லட்சத்துக்குச் சற்றுக் குறைவாகவும் வடக்கு மதிப்பு 11,93,000 பக்கத்திலும் வரும். மண்டலம் 44. கோயம்புத்தூர்ப் பக்கம் வேலை செய்து பழகியவர்கள் கை தவறி 43 என்று மாற்றிவிட்டால் எல்லாப் புள்ளியும் ஆறு டிகிரி மேற்கே நகர்ந்து அரபிக் கடலில் விழும். தடத்தின் வடிவம் கெடாது, இடம்தான் தவறும்.

*தடம் வருகிறது, ஆனால் முப்பது, நாற்பது கிலோமீட்டர் தெற்கே வருகிறது என்றால்:* யாரோ 10 டிகிரி 47 நிமிடம் 12 விநாடியை 10.4712 என்று தட்டச்சு செய்திருக்கிறார்கள். கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி உண்டு. புள்ளிக்கு அடுத்த இரண்டு இலக்கம் கோப்பு முழுக்க ஒரு இடத்தில்கூட 59-ஐத் தாண்டவில்லை என்றால் அது நிமிடக் கணக்குதான்.

அறிகுறி: கரையில் நடந்த தடம் ஆற்றுக்குள் ஓடுகிறது

இருநூறு மீட்டர் அளவுக்கு ஒரே திசையில் தள்ளியிருந்தால் அடிப்படைத் தளம்தான் (டேட்டம், அதாவது இடத்தைக் கணக்கிடப் பூமியின் வடிவமாக எடுத்துக்கொண்ட மாதிரி) மாறியிருக்கிறது. பழைய சர்வே ஆஃப் இந்தியா டோப்போ ஷீட்டுகள் (நமக்கு 58 ஜே, 58 எம், 58 என்) எவரெஸ்ட் நீளுருண்டையில் வரையப்பட்டவை. ஜிபிஎஸ் தருவதோ டபிள்யூஜிஎஸ் 84. ஸ்கேன் செய்த ஷீட்டைப் பின்னணியாக வைக்கும்போது அதன் அசல் தளத்தைச் சொல்லி ஏற்றுங்கள். தடத்தைக் கையால் இழுத்து ஆற்றங்கரையில் பொருத்துகிறவர்கள் உண்டு, அது வேண்டாம். அடுத்த ஷீட்டில் அது பொருந்தாது.

அறிகுறி: பக்கம் முழுக்க ஒரே வண்ணம், அல்லது அசைவே இல்லாத கோடு

அளவு விருப்பமான இசட்-டை முதலில் பாருங்கள். அது ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை நானோடெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு) என்பது. எண் பெரிதானால் கோடு சிறிதாகும். பலரும் தலைகீழாகவே நினைத்துக்கொண்டு, கோடு தெரியவில்லையே என்று எண்ணை ஏற்றிக்கொண்டே போவார்கள். ஒரு கணக்கு: தடங்களுக்கு இடையே 2 கிலோமீட்டர், வரைபடம் 1:50,000 என்றால் தாளில் 4 சென்டிமீட்டர் இடைவெளி. அனாமலியின் (வழக்கமான புலத்தைக் கழித்தபின் மிஞ்சும் வித்தியாசத்தின்) உச்சம் 200 என்றால் இசட் 100 கொடுத்தால் மேடு 2 சென்டிமீட்டர் எழும். பக்கத்துத் தடத்தின் மேல் ஏறாது.

அளவு சரியாக இருந்தும் வண்ணம் கொட்டினால் கழிக்க வேண்டியதைக் கழிக்கவில்லை. டெல்டாவில் மொத்தக் காந்தப்புலம் 40,000 நானோடெஸ்லாவைத் தாண்டும். அதை அப்படியே 100-க்கு ஒரு சென்டிமீட்டர் என்று போட்டால் கோடு தடத்திலிருந்து நான்கு மீட்டர் தள்ளிப் போகும். அவசரத்துக்கு சி விருப்பத்தில் சராசரியைக் கொடுத்துக் கழித்துப் பார்க்கலாம். ஆனால் அது பார்ப்பதற்கு மட்டும். மொத்தப் புலம் வடக்கே போகப் போகக் கூடும் என்பதால், சராசரி மட்டும் கழித்த தடம் தெற்கு முனையில் ஒரு பக்கமும் வடக்கு முனையில் மறுபக்கமும் சாய்ந்து நிற்கும். அதைப் பார்த்து "வடக்கே அடிப்பாறை எழும்புகிறது" என்று எழுதிவிடக் கூடாது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஐஜிஆர்எஃப் (பூமியின் காந்தப்புலத்துக்கான சர்வதேசக் கணித மாதிரி) மதிப்பைக் கழித்த பிறகுதான் அது அனாமலி.

ஐஜிஆர்எஃப் கழித்த பிறகும் எல்லா மதிப்பும் ஐநூறு, அறுநூறு கூடுதலாக நிற்கிறதா? உயரத்தை மீட்டரில் கொடுத்திருப்பீர்கள், கணிப்பான் கிலோமீட்டர் என்று எடுத்துக்கொண்டிருக்கும். 30 மீட்டரை 30 கிலோமீட்டர் என்று கொண்டால் ஏறத்தாழ 570 நானோடெஸ்லா வித்தியாசம் வரும்.

அசையாத நேர்கோட்டுக்கு வேறு காரணம். மூன்றாவது கட்டத்தில் இருப்பது அளவீடுதானா என்று கோப்பைத் திறந்து கண்ணால் பாருங்கள். சில லாகர்கள் (பதிவுக் கருவிகள்) இடத்துக்கும் அளவீட்டுக்கும் நடுவே வேறு கட்டங்களை எழுதும். மூன்றாவதாக உட்கார்ந்திருப்பது செயற்கைக்கோள் எண்ணிக்கையாக இருக்கும். சின்ன ஐ விருப்பத்தால் கட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும்: நான்காவது கட்டம் வேண்டுமென்றால் 3.

எக்செல் செய்யும் வேலை ஒன்றும் இருக்கிறது. கோப்பில் இப்படி ஒரு வரி:

79.1372 10.7861 40,512

பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஜிஎம்டிக்குக் காற்புள்ளியும் கட்டம் பிரிக்கும் குறிதான். அதனால் மூன்றாவது கட்டம் 40, நான்காவது 512 என்று படிக்கும். மாவட்டம் முழுக்க மதிப்பு 40, 40, 41 என்று வந்தால் வேறெங்கும் தேடாதீர்கள்.

அறிகுறி: மேடு ஒரு தடத்தில் இடப்பக்கம், அடுத்ததில் வலப்பக்கம்

இங்கேதான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள், டெல்டாவின் நிலத்துக்கும் இதில் பங்கு உண்டு.

விக்கிள் கோடு தடத்தின் திசைக்குச் செங்குத்தாக எழும். எந்தப் பக்கம் என்பதை ஏ விருப்பம் முடிவு செய்யும். நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் வடக்கை விரும்பிய திசையாக எடுத்துக்கொண்டு, நேர்மதிப்பை வடக்குப் பாதிப் பக்கம் திருப்பும். கிழக்கு மேற்காகப் போகிற தடத்துக்கு இது சரி. கும்பகோணம்–மாதானம் மேடு, பட்டுக்கோட்டை–மன்னார்குடி மேடு போன்ற புதைந்த மேடுகள் வடகிழக்கு தென்மேற்காக ஓடுவதால், அவற்றைக் குறுக்கே வெட்ட வடமேற்கிலிருந்து தென்கிழக்காகத் தடம் போட்டிருப்பீர்கள். அதற்கும் சிக்கல் இல்லை.

தடம் வடக்கு தெற்காக இருந்தால்தான் வம்பு. அதற்குச் செங்குத்து என்பது நேர் கிழக்கு அல்லது நேர் மேற்கு. இரண்டுமே வடக்கிலிருந்து சரியாக 90 டிகிரி, அதாவது எல்லைக்கோட்டில் நிற்கின்றன. வரப்பில் ஒரு அடி இப்படி, ஒரு அடி அப்படி வைத்தாலும் கோடு கிழக்கிலிருந்து மேற்குக்குத் தாவும். ஒரே தடத்துக்குள் ஒரே அனாமலி இரண்டு பக்கமும் மாறி மாறிச் சிதறும்.

*நேரான வடக்கு தெற்குத் தடங்கள் என்றால்:* ஏ விருப்பத்தில் 90 கொடுங்கள். நேர்மதிப்பு எப்போதும் கிழக்கே எழும். போகும்போது எடுத்ததும் வரும்போது எடுத்ததும் ஒரே பக்கம் வந்துவிடும்.

*ஆற்றுக் கரையோடு வளைந்து போன தடம் என்றால்:* வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி எதன் கரையில் போனாலும் தடம் கிழக்கே போய்க்கொண்டே திடீரென்று வடக்கே திரும்பும், மறுபடி கிழக்கே. அங்கே ஏ போதாது. ஐ விருப்பத்தில் ஒரு நிலையான திசையைக் கொடுத்துவிடுங்கள். தடம் எப்படித் திரும்பினாலும் கோடுகள் எல்லாம் அந்தத் திசைக்கே எழும். வளைவின் உட்பக்கத்தில் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கறுத்துப்போவதும் இதோடு நிற்கும். கொடுக்கும் திசை தடத்தின் பொதுப்போக்கோடு ஒன்றிப்போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

*வளைவு இன்னும் மோசம் என்றால்:* ப்ராஜெக்ட் கட்டளையால் புள்ளிகளை ஒரு நேர்கோட்டின் மேல் இறக்கி வரையலாம். மதிப்பு உண்மையில் எடுத்த இடத்திலிருந்து நகர்ந்துவிடுகிறது என்பதால் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அறிக்கைக்கு அழகாக இருக்கும், வயலில் போய்ப் புள்ளி வைக்க உதவாது.

வண்ணம் மட்டும் மாறியிருந்தால், பழைய பதிப்பின் ஸ்கிரிப்டை அப்படியே ஓட்டியிருப்பீர்கள். இப்போது ஜி விருப்பத்தில் வண்ணத்துக்குப் பின் கூட்டல் பி என்றால் நேர்மதிப்பு, கூட்டல் என் என்றால் எதிர்மதிப்பு.

அறிகுறி: ஒரு தடத்தின் முடிவிலிருந்து அடுத்ததன் தொடக்கத்துக்கு நீளக் கோடு

தடங்களுக்கு நடுவே > குறியோடு ஒரு வரி போட்டுப் பிரியுங்கள். ஒரே தடத்துக்குள் சாப்பாட்டு நேரத்தில் விட்ட இடைவெளி என்றால் சின்ன ஜி விருப்பத்தில் எத்தனை மீட்டருக்கு மேல் உடைக்க வேண்டும் என்று சொல்லலாம். பெரிய ஜி வண்ணம், சின்ன ஜி இடைவெளி. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். நின்ற இடத்திலேயே நூறு புள்ளி குவிந்திருந்தால், தென்னந்தோப்புக்குள் ஜிபிஎஸ் உறைந்துபோயிருக்கும். அந்தப் புள்ளிகளை நீக்கிவிடுங்கள்.

அறிகுறி: ஊசி மாதிரிக் குத்திட்டு நிற்கும் உச்சிகள்

டெல்டாவின் பெரும்பகுதியில் அடிப்பாறை வண்டலுக்கும் படிவுப் பாறைக்கும் அடியில் வெகு ஆழத்தில் கிடக்கிறது. ஆழத்திலிருந்து வரும் அனாமலி கிலோமீட்டர் கணக்கில் அகலமாக, மெதுவாக ஏறி இறங்கும். பத்து, இருபது மீட்டருக்குள் ஏறி இறங்குவது எதுவும் பாறையிலிருந்து வர முடியாது. அது இரும்பு.

முதலில் வயல் குறிப்பேட்டைத் திறந்து, உச்சி இருக்கும் இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். மதகு ஷட்டர், கம்பி போட்ட பாலம், இரும்பு கேசிங் இறக்கிய போர்வெல், டிரான்ஸ்ஃபார்மர், மயிலாடுதுறை ரயில் பாதை. கரையோரத் தடத்தில் இவை இல்லாத கிலோமீட்டரே கிடையாது. பிவிசி கேசிங் என்றால் தொந்தரவு இல்லை, ஆனால் மேலே பம்ப் ஷெட்டில் மோட்டார் இருக்கும். ஷட்டரைக் கடக்கும்போது மதிப்பு ஒரே பக்கம் ஏறி இறங்குவது அபூர்வம். ஒரு பக்கம் சட்டென்று ஏறி, ஷட்டருக்கு நேரே சரிந்து, மறுபடி பழைய நிலைக்கு வரும். அந்தக் கோணல் வடிவத்தை ஒருமுறை பழகிவிட்டால் குறிப்பேடு இல்லாமலே சொல்லிவிடலாம்.

குறிப்பேட்டில் ஒன்றும் இல்லையா? தடத்துக்கு இருபது முப்பது மீட்டர் தள்ளி, அந்தத் துண்டை மட்டும் இணையாக நடந்து எடுங்கள். உச்சி காணாமல் போனாலோ கால்வாசியாகக் குறைந்தாலோ அது மேல்மட்டத்து இரும்புதான், புள்ளியை நீக்கலாம். இரண்டிலும் ஒரே அளவில் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

உச்சி ஒற்றையாக இல்லாமல் மதிப்புகள் மேலும் கீழும் அடித்துக்கொண்டே இருந்தால் மின்கம்பிக்கு அடியில் நின்று எடுத்திருப்பீர்கள், அல்லது சென்சார் பிடித்தவர் சட்டைப் பையில் செல்போன். திறந்த வெளியில், கம்பி இல்லாத இடத்தில், போனை வைத்துவிட்டு ஒரே புள்ளியில் சில தடவை எடுத்துப் பாருங்கள். அங்கேயும் பத்து, இருபது நானோடெஸ்லா ஆடினால் இணைப்பு வயரையும் பேட்டரியையும் மாற்றிப் பாருங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் சர்வீஸுக்கு அனுப்ப வேண்டியதுதான். சென்சாரை நீங்களே திறக்க வேண்டாம்.

அறிகுறி: எல்லாத் தடத்திலும் நடுப்பகல் வாக்கில் ஒரு மேடு

வரைபடத்தில் இது அசல் அனாமலி போலவே அகலமாக, மெதுவாக இருக்கும் என்பதால்தான் ஆபத்து. காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடிப் பக்கம் போகிறது. அதை ஒட்டி வானத்தில் பகலில் ஓடும் மின்னோட்டம் முற்பகலில் புலத்தை ஏற்றி, பதினொன்று, பன்னிரண்டு மணி வாக்கில் உச்சத்துக்குக் கொண்டுபோய், மாலையில் இறக்கிவிடும். டெல்டா அதன் வீச்சுக்குள் இருப்பதால் அமைதியான நாளிலேயே ஐம்பது நானோடெஸ்லாவைத் தாண்டுவது சாதாரணம். நீங்கள் தேடுகிற அனாமலியும் பல இடங்களில் அவ்வளவுதான் இருக்கும்.

சோதனை எளிது. அனாமலியை இடத்துக்கு எதிராகப் போடாமல் நேரத்துக்கு எதிராகப் போடுங்கள். எல்லா நாளின் மேடும் ஒரே மணிக்கு வந்தால் அது நிலத்துக்குள் இருப்பதல்ல.

*மேடு மட்டும் இருந்து, மாலையில் ஒன்றும் இல்லை என்றால்:* பேஸ் ஸ்டேஷன் (ஒரே இடத்தில் நிறுத்தி, நேரத்தோடு மாறும் புலத்தைப் பதியும் கருவி) திருத்தமே நடக்கவில்லை. கோப்பை இணைத்து மறுபடி ஓட்டுங்கள்.

*மேடும் இருந்து, மாலை ஐந்தரை வாக்கில் பொய்யான ஒரு பள்ளமும் இருந்தால்:* கடிகாரம். பேஸ் ஸ்டேஷனை இந்திய நேரத்தில் வைத்திருக்கிறீர்கள், நடமாடும் கருவி ஜிபிஎஸ்ஸிலிருந்து உலகப் பொது நேரத்தை எடுத்திருக்கிறது. நடுப்பகல் அளவீடு அதன் கோப்பில் காலை 6.30 என்று பதிவாகி, விடிகாலையின் அசையாத பேஸ் மதிப்போடு சேர்ந்துவிடும். மாலை 5.30-க்கு எடுத்தது 12.00 என்று பதிவாகி, நடுப்பகல் உச்சத்தைக் கழித்துக்கொள்ளும். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டித் திருத்தினால் இரண்டும் ஒருசேர மறையும். மறையாவிட்டால்தான் வேறு யோசனை.

*ஒரே ஒரு நாள் மட்டும் கோணலாக இருந்தால்:* அன்றைய கேபி எண்ணை (உலக அளவில் காந்தப்புலக் கலக்கத்தைச் சொல்லும் குறியீட்டை) பாருங்கள். 5-ம் அதற்கு மேலும் என்றால் காந்தப் புயல் நாள். திருத்த முயலாமல் அந்த நாளின் தடத்தை மறுபடி எடுப்பது நல்லது.

பேஸ் ஸ்டேஷனே வைக்கவில்லை என்று வருகிறவர்களும் உண்டு. புதுச்சேரியிலும் திருநெல்வேலியிலும் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகங்கள் இருக்கின்றன. ஆனால் மின்னோட்டத்தின் வலு இந்த இரண்டு ஊருக்கும் நடுவிலேயே நிறைய மாறும் என்பதால் ஒன்றின் பதிவை டெல்டாவுக்கு அப்படியே கழித்துவிட முடியாது. இந்த நிலையில் தரவுச் செயலாக்கம் தெரிந்த புவியியற்பியல் ஆளைக் கூப்பிடுங்கள். தடங்கள் ஒன்றையொன்று வெட்டியிருந்தால் கொஞ்சம் மீட்கலாம். வெட்டவில்லை என்றால் மறுபடி எடுப்பதே மலிவு.

அறிகுறி: இரண்டு தடம் வெட்டும் இடத்தில் மதிப்பு ஒட்டவில்லை

சில நானோடெஸ்லா வித்தியாசம் எப்போதும் இருக்கும், விடுங்கள். இருபது, முப்பது என்றால் முதலில் மேலே சொன்ன கடிகாரம். அது சரி என்றால் போகிற திசையைக் கவனியுங்கள்: கிழக்கே போனபோது எடுத்ததெல்லாம் கூடுதலாகவும் மேற்கே போனபோது எடுத்ததெல்லாம் குறைவாகவும் இருக்கிறதா? சென்சாரைச் சுமந்ததில் இரும்பு இருக்கிறது. பைக்கில் கட்டிக்கொண்டு போனவர்களுக்கு இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஒரு மேய்ச்சல் தரையில் ஆப்பு ஒன்றை அடித்து, அதே புள்ளியின் மேல் நான்கு திசையிலும் கடந்து எடுத்துப் பாருங்கள். நான்கும் ஒத்துப்போகவில்லை என்றால் பெல்ட் பக்கிள், சாவிக்கொத்து, பையில் உள்ள சுத்தியல் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்து மறுபடி கடக்க வேண்டும். படகு என்றால் இழுக்கும் கயிற்றை நீட்டுங்கள்.

கழற்ற ஒன்றும் மிச்சமில்லாமல் வித்தியாசம் நீடித்தால் வெட்டுப்புள்ளிகளை வைத்துத் தடங்களைச் சமன்படுத்த வேண்டும். தெரியாமல் கைவைத்தால் அசல் அனாமலியும் சேர்ந்தே சமனாகிவிடும். பல்கலைக்கழகப் புவியியற்பியல் துறையில் கேட்டால் செய்துகொடுக்க ஆள் கிடைப்பார்கள். போகும்போது திருத்தாத மூலக் கோப்பு, பேஸ் ஸ்டேஷன் கோப்பு, குறிப்பேடு மூன்றையும் கொண்டுபோங்கள்; வரைபடத்தை மட்டும் நீட்டினால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

அறிகுறி: வரைபடம் சரி, உச்சியில் துளையிட்டால் எதுவும் இல்லை

இது வரைதலில் உள்ள பிழை அல்ல. நம் பக்கம் காந்தப்புலம் ஏறத்தாழக் கிடைமட்டமாக இருக்கிறது. சாய்வு பத்து டிகிரிகூட இல்லை. அதனால் புதைந்திருக்கும் காந்தப் பாறைக்கு நேர் மேலே வருவது பெரும்பாலும் பள்ளம். மேடு அதற்கு வடக்கிலும் தெற்கிலும் ஒதுங்கி நிற்கும். வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் அமைப்பு பெரிதாக இருந்தாலும் அனாமலியில் தெரியாமலே போகலாம். வட அட்சரேகைப் பாடப்புத்தகத்துப் படத்தைப் பார்த்து மேட்டின் மேல் புள்ளி வைத்தவர்கள்தான் இந்த அறிகுறியோடு வருவார்கள்.

மென்பொருளில் துருவத்துக்கு மாற்றும் வசதி (காந்தத் துருவத்தில் எடுத்திருந்தால் அனாமலி எப்படி இருக்கும் என்று கணக்கிடுவது) இருக்கிறதே என்று அழுத்திவிட வேண்டாம். இவ்வளவு குறைந்த சாய்வில் அது நிலையாக இருக்காது, வரைபடம் முழுக்க வடக்கு தெற்காக வரிவரியாக இழுத்துவிடும். நடுக்கோட்டுக்கு மாற்றுவதோ அனலிட்டிக் சிக்னல் (அனாமலி எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று காட்டும் கணக்கு) போடுவதோ தேவலாம். ஆனால் போர்வெல் இடம் குறிப்பது போலப் பணம் போகிற முடிவு என்றால் இங்கே நிறுத்திக்கொண்டு, தாழ்ந்த அட்சரேகையில் விளக்கம் எழுதிய அனுபவம் உள்ளவரிடம் கொடுங்கள். அதற்கு முன் அதே தடத்தில் இரண்டு, மூன்று இடத்தில் மின்தடை சோதனையும் எடுத்து வைத்துவிட்டால் அவருக்கு வேலை பாதியாகக் குறையும்.